திரையில் நிற்காத ஊர்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் ஒரு வாக்கியம் கேட்டாய். வீட்டுமனை கேட்டு மனு போட்டவர்கள் தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள நீயும் உன் ஆட்களும் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தயார் செய்கிறீர்கள் என்றாய். தேடியவருக்குப் பெயர் கிடைக்காவிட்டால் திரையில் தமிழில் என்ன போடுவது, சின்னதாக ஒரு வரி சொல்லும்மா என்றாய். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "பெயர் இல்லைன்னு போடு" என்று சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நீயும் சரியென்று தட்டிக்கொண்டு போய்விட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் நீ பெங்களூர் போய் அந்த வேலைக்குப் பொறுப்பேற்கப் போகிறாய். அதற்குள் அந்த இரண்டு வார்த்தைகளை உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஏன் என்று நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுவாய். அதனால் எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் இதைப் படிக்கக் கொடு. எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டிய நாளில் படாமல் விட்டதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

லீவுக்கு வந்தபோது நீ சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். படமும் கிடையாது, வண்ணமும் கிடையாது. வெறும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. எல், எஸ் என்று இரண்டே எழுத்து அடித்தாய், பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "உள்ள இன்னாலாம் இருக்குதுன்னு பாக்கறதுதானே இது?" என்று கேட்டேன். நீ வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாய். டி.வி.யில் பார்த்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன். பொய். நீ பிறப்பதற்கு முன்பே, கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை மாடியில், நான் அதே கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து அதே வேலையைச் செய்திருக்கிறேன். உனக்கு இரண்டெழுத்து, எங்களுக்கு மூன்று. டி, ஐ, ஆர். அடித்து எண்டர் தட்டினால் பிளாப்பிக்குள் இருக்கும் பெயர்களையெல்லாம் மெஷின் சொல்லும்.

உனக்கு என்னிடம் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. எங்கே பட்டியல் ஒட்டியிருந்தாலும் நான் மேலிருந்து படிப்பேன். உன் பத்தாவது ரிசல்ட் ஒட்டிய அன்று உன் நம்பரைப் பார்த்துவிட்ட பிறகும் முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, "மானத்த வாங்காதம்மா, வா" என்று நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். ரேஷன் கடைப் பலகை, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய வாக்காளர் பட்டியல், எதையும் விட்டதில்லை. ஒரு தரம் பக்கத்துத் தெரு பார்வதி தன் பெயர் பட்டியலில் இல்லையென்று அழுதுகொண்டு வந்தபோது, அவளை இழுத்துக்கொண்டு போய் இரண்டாம் தாளின் தலைப்பில் காட்டிக் கொடுத்தேன். உன் அப்பா எனக்கு லிஸ்ட் பைத்தியம் என்று பெயரே வைத்திருந்தார். நீங்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன். அந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று உன் அப்பாவிடம்கூடக் கடைசிவரை சொல்லவில்லை.

மணலூர்பேட்டையிலிருந்து நான் கள்ளக்குறிச்சிக்குப் போனது டைப்பிங் படிக்க. டைப்பிங்கில் ஹையர் பரீட்சை பாஸ் செய்ததும் அந்த இன்ஸ்டிடியூட்டிலேயே சார் எனக்கு வேலை கொடுத்தார். சார் என்றால் அதன் முதலாளி. டைப்ரைட்டர்களெல்லாம் கூடத்தில் தடதடத்துக்கொண்டிருக்கும். உள்ளறையில் திரைச்சீலை போட்டு, புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரை வைத்திருந்தார். அந்தப் பக்கத்திலேயே முதல் மெஷின் அதுதான் என்று பெருமை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம் உண்டு. தினமும் அதை எழுப்பும்போது தேதி கேட்கும், சார் பதில் சொல்லாமல் எண்டரைத் தட்டிவிடுவார். அதனால் நாங்கள் அடித்து வைத்ததெல்லாம் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி அடித்ததாகவே அதன் கணக்கில் இருக்கும்.

அந்த மெஷினுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. சாதிச் சான்றிதழ் கேட்டு மனு கொடுத்தவர்களின் பெயர்களை ஊர் ஊராகப் பிரித்து அடித்துத் தர வேண்டும். எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன், தவறு அவர்களுடையது இல்லை. மனுக்கட்டுகளில் மேலே இருந்தது கல்வராயன் மலை ஊர்களின் கட்டு. மெஷின் புதிது, என்னை நம்பவில்லை, அதனால் மலைக்கட்டை சாரே உட்கார்ந்து அடித்தார். ஓர் ஊருக்கு ஒரு கோப்பு. பிறகு கை வலி வந்து, மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டு ஊர்களை என்னிடம் விட்டார். நான் அடிப்பேன், அவர் பெயர் வைத்து பிளாப்பியில் போட்டுக்கொள்வார். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதெல்லாம் அவர் வேலை. அவர் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டு மூன்று தரம் பார்த்ததோடு சரி. அடித்து முடித்த கட்டுகளை ஆபீசுக்குத் திருப்பி அனுப்பியாயிற்று. பெயர்கள் அந்த பிளாப்பியில் மட்டும் எங்களிடம் இருந்தன.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். உன் மாமா எத்தனை முறை உனக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான்! உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளியமரத்தைச் சாய்த்தது, லாரிகள் மைல் கணக்கில் நின்றது, போலீஸ் துரத்தியபோது கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்தது. படிப்பிலும் வேலையிலும் நம் ஜனங்களுக்கு ஒரு பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இன்றைக்கும் அதை நியாயம் என்றுதான் சொல்வேன். அடிபட்டவர்களும் செத்தவர்களும் உண்டு. மாமா கதையை ஆரம்பித்ததும் நான் அடுப்படிக்குப் போய்விடுவதை நீ பார்த்திருக்கிறாய். தம்பி பட்ட அடியை நினைத்து அக்காவுக்குத் தாங்கவில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரோடெல்லாம் மறித்திருந்த நாட்களில் ஒரு நாள். சார் முந்தின நாளே மெட்ராசிலிருந்து கிளம்பி உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார். பஸ் கிடையாது. இன்ஸ்டிடியூட்டைப் பாதி ஷட்டர் இறக்கி வைத்துக்கொண்டு நான் மட்டும் இருந்தேன். நான் தங்கியிருந்த அத்தை வீடு அடுத்த தெரு, அதனால் வந்திருந்தேன். பதினோரு மணி வாக்கில் மாடிப்படியில் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஒருவர், தோளில் துண்டு, கால் முழுக்கப் புழுதி. கூடப் பதினேழு பதினெட்டு வயதில் அவர் மகள், கையில் பிளாஸ்டிக் உறை. அவள் பெயர் அலமேலு. ஊர் கரியாலூரைத் தாண்டி, ரோடு முடிந்த பிறகும் நடக்க வேண்டிய ஓர் ஊர். அதன் பெயரை இங்கே எழுதவில்லை, அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இருவரும் மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, அங்கிருந்து கள்ளக்குறிச்சிவரை நடந்தே வந்திருந்தார்கள்.

அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதத்தை உறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சாதிச் சான்றிதழை மறுநாள் சாயங்காலத்துக்குள் கள்ளக்குறிச்சியிலேயே இருந்த பயிற்சிப் பள்ளியில் கொடுக்க வேண்டும். ஆபீசில் கேட்டதற்கு, மனுக்கட்டைத் தேட ஆளில்லை, டைப் அடிக்கிற இடத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா பாருங்கள், அந்தத் தாளை வாங்கி வந்தால் அதை வைத்துக் கட்டைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்று அனுப்பியிருக்கிறார்கள். அவள் கேட்டு வந்தது ஒரு தாள். அதுவும் என் முன்னால் இருந்த பெட்டிக்குள் இருந்த ஒன்று.

எனக்கு மெஷினை எழுப்பத் தெரியும். சார் செய்ததைப் பார்த்திருந்தேன். பிளாப்பியைச் செருகி டி, ஐ, ஆர் அடித்து எண்டர் தட்டினேன். வரிகள் கீழிருந்து ஒவ்வொன்றாக முளைத்து மேலே ஏறி ஓடின. சார் முன்பு பார்த்தபோதெல்லாம் கொஞ்சம் ஊர்கள்தான், ஒரே திரையில் அடங்கி நின்றன. ஓடி நான் பார்த்ததில்லை. ஓடுகிறவரை மெஷின் தேடுகிறது, ஓட்டம் நின்றதும் திரையில் இருப்பதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டேன். டைப்ரைட்டரில் வளர்ந்தவளுக்கு வரி என்றால் தாளில் இருப்பது. அடித்த வரி மேலே போனாலும் தாளை எடுத்துப் பார்த்தால் அங்கேயே இருக்கும். இதில் மேலே போன வரி கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓட்டம் நின்றது. இருபது இருபத்திரண்டு ஊர்கள் நின்றன. எல்லாம் நான் அடித்த கீழ்நாட்டு ஊர்கள். அவள் ஊர் இல்லை.

"உங்க ஊரு இல்லீங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. மெஷின் சொன்னதை எப்படி நம்பாமல் இருப்பது? திரைச்சீலைக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றுகொண்டு, "நல்லா பாரும்மா, அம்மாந்தூரம் நடந்தே வந்திருக்கோம்" என்றார். அந்தப் பெண்தான் ஓரடி முன்னால் வந்தாள்.

"இருக்கும்க்கா. ஊரு பூராவுக்கும் நான்தான் எழுதினேன். நான்தான் கொண்டாந்து குடுத்தேன். இன்னொரு வாட்டி பாருக்கா."

இன்னொரு தரம் அடித்தேன். அடித்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கீழே கூச்சல். ஊர்வலம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதில் உன் மாமா இருக்கிறானா, தலையில் ரத்தமில்லாமல் இருக்கிறானா என்று தேடினேன். திரும்பி வந்து பார்த்தால் அதே இருபது ஊர்கள் நின்றன. "இல்லம்மா. இருந்தா காட்டும்" என்றேன்.

இதுவரை சொன்னது தெரியாமல் செய்தது. தெரியாமல் செய்ததற்காக மட்டும் நான் இத்தனை வருஷம் பட்டியல் பட்டியலாக அலைந்திருக்க மாட்டேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. ஜன்னலிலிருந்து திரும்பியபோது எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. நம் ஆட்கள் அங்கே ரோட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், மலை ஜனங்கள் இவர்களுக்கென்ன, ஏற்கெனவே ஒதுக்கீடு இருக்கிறது, ஒரு தாளை நீட்டினால் சீட்டு. இதுதான் ஓடியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த நினைப்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் மூன்றாவது தரமும் தட்டியிருப்பேன், திரையின் கடைசி வரியைப் படித்திருப்பேன். அந்த வரியில் மொத்தம் அறுபத்திரண்டு கோப்புகள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அறுபத்திரண்டு என்று மெஷின் சொல்கிறது, என் கண் முன்னால் இருபதுதான் நிற்கின்றன. மிச்சம் எங்கே, சார் அடித்த மலை ஊர்கள் எங்கே என்று கேட்க ஹையர் பாஸ் வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். என் தம்பி எதைக் கேட்டு ரோட்டில் நின்றானோ அதையேதான் அவளும் கேட்டு மாடிப்படி ஏறி வந்திருந்தாள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். அவள் படியிறங்கும்போது அந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டே போனாள். அப்பா அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இறங்கினார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை கண்ணு. இன்று நம் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கு மோர் கொடுக்காமல் அனுப்புவதில்லை என்று நீ கிண்டல் செய்வாயே, அவர்கள் இருவருக்கும் அன்று அந்த மாடியில் பானைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு சார் வந்து சேர்ந்தார். பாதி தூரம் யாரோ ஒருவர் சைக்கிளில், மீதி நடை. சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, யாராவது வந்தார்களா என்று கேட்டார். மலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், அவர்கள் ஊர் இல்லை, அனுப்பிவிட்டேன் என்றேன். இல்லையா என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். டி, ஐ, ஆர், ஒரு சாய்கோடு, பி. அந்தச் சாய்கோட்டையும் பி-யையும் நான் அதுவரை பார்த்ததில்லை. திரை நிரம்பியதும் ஓட்டம் தானாக நின்றது. அடியில் ஒரு வரி வந்தது. நீ தயாரானதும் ஒரு பொத்தானைத் தட்டு என்று ஆங்கிலத்தில். முதல் திரை முழுக்க மலை ஊர்கள். ஆறாவது வரியில் அவள் ஊர்.

"மொதல்ல அடிச்சது மொதல்லதான இருக்கும். மேல ஏறிப் போயிருக்கும், நீ பாத்திருக்க மாட்ட. அவ்ளோதான்" என்றார் சார். திட்டவில்லை. அவருக்கு அது அவ்வளவுதான்.

மணி பன்னிரண்டரை. சாயங்காலம்வரை நேரமிருந்தது. நான் அந்த ஊரின் தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண் வந்து கையெழுத்துப் போட வேண்டும், ஆள் எங்கே என்றார்கள். ஆள் எங்கே? நேற்றே நடக்க ஆரம்பித்தவர்கள் இந்நேரம் மலை ஏறியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தை வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து பஸ் ஓட ஆரம்பித்ததும் ஒரு நாள் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோமுகி அணைவரை போனேன். அங்கே இறங்கி, அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் ஒரு சாக்கு கிடைத்தது. அந்தச் சாக்கு எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். போராட்டத்துக்குப் பலன் வந்தது. நம் ஜனங்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அடுத்து வந்த பரீட்சையை எழுதி, அந்தப் பங்கில்தான் எனக்கு அரசாங்க டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அந்த வேலையில் உன்னைப் படிக்க வைத்தேன், இந்த வீட்டைக் கட்டினோம். ஆர்டர் வந்த அன்று உன் மாமா கண்கலங்கி, "நாங்க பட்ட அடிக்கு நீ சாட்சிக்கா" என்றான். நான் வேறொன்றுக்கும் சாட்சி என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்? ஆர்டரை பீரோவில் வைத்தபோது, மடித்து வைத்திருந்த அந்தத் தாள் கையில் பட்டது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கம்ப்யூட்டர் தாள். வீடு மாறியபோதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டு வந்தேன்.

போன மாசி மாதம், தோழிகளோடு கோயிலுக்குப் போகிறேன் என்று உனக்குப் போன் செய்துவிட்டு, வெள்ளிமலை பஸ் ஏறினேன். இந்த முறை அணையில் இறங்கவில்லை. கரியாலூர் டீக்கடையில் விசாரித்து, ஒரு ஷேர் ஆட்டோவில் பாதி தூரமும் மரவள்ளிக் காட்டு வழியாக மீதி தூரமும் போனேன். முட்டி வலி உயிரை எடுத்தது. அலமேலு வாசலில் உட்கார்ந்து, ஒரு கல்லின்மேல் புளியம்பழத்தை வைத்து மரக்கட்டையால் தட்டி ஓடு நீக்கிக்கொண்டிருந்தாள். முடி நரைத்துவிட்டது. ஆனால் யாரென்று நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டைப் அடிக்கிற இடத்து அக்காவா என்று கேட்டாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்வலம், ஜன்னல், என் நெஞ்சில் ஓடியது, அதையும் சொன்னேன். அவள் பாட்டுக்குப் புளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று மலை ஏறும்போதெல்லாம் மனதைத் தயார் செய்திருந்தேன். அவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப எங்க ஊரு பேரு அதுல இருந்துச்சா?"

இருந்தது என்றேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

பயிற்சிக்குப் போக முடியாமல் போனதைத்தான் நான் அவளுக்குச் செய்த கேடு என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அது பாதிதான் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஊரில் அப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. ஊரார் நாற்பத்தோரு பேருக்கும் அவள் மனு எழுதி, கைநாட்டு வாங்கி, தனியாக மலையிறங்கி ஆபீசில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் ஊரே இல்லை என்று அப்பா வந்து சொன்னதும் ஊர் என்ன நினைக்கும்? அவள் கொடுக்கவே இல்லை, வழியில் எங்கேயோ போட்டுவிட்டு வந்து பொய் சொன்னாள் என்று நினைத்தது. யாரும் போய்க் கேட்காததால் அந்த மனுக்கள் ஆபீசிலேயே கிடந்துவிட்டன. இரண்டு வருஷம் கழித்து மறுபடி மனு எழுதி எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது, ஆனால் எழுதியது வெளியூர் ஆள். அவளுக்குப் பொய் சொன்னவள் என்ற பெயர் நின்றுவிட்டது.

"எங்கப்பாவே நம்பல. 'குடுத்தியா, நெசமா குடுத்தியா'ன்னு சாவற வரிக்கும் கேட்டுக்கினே இருந்தாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் எங்கிட்ட ஒரு காயிதம் எழுதக் குடுக்கல. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா, நெசமாவே குடுத்தமா இல்லியான்னு."

நான் தாளைக் கொடுத்தேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, விரல் வைத்து மேலிருந்து படித்தாள். சில பெயர்களில் விரல் நின்று நகர்ந்தது. அவள் அப்பா பெயர் மூன்றாவதாக இருந்தது. படித்து முடித்ததும் எழுந்து அக்கம்பக்கத்து வீடுகளில் குரல் கொடுத்தாள். வேலைக்குப் போகாமல் இருந்தவர்கள் பத்துப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் என்னைவிட வயதானவர்கள். "நீங்களே சொல்லுங்க" என்றாள் என்னிடம். நான் சொன்னேன். இவள் கொடுத்தாள், உங்கள் எல்லார் பெயரும் இருந்தது, நான்தான் பார்க்கத் தெரியாமல், ஊரே இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர்களில் ஒரு பெரியவர் தன் பெயர் இருக்கிறதா பார் என்று அவளைக் கேட்டார். அவள் படித்துக் காட்டினாள். அவர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைக் கேட்க அவள் அப்பா உயிரோடு இல்லையே என்று மட்டும் சொன்னார்.

என்னைப் பஸ்ஸில் ஏற்ற அவள் கரியாலூர்வரை கூட வந்தாள். ஒரு பை நிறையப் புளி கட்டிக் கொடுத்தாள். நான் உனக்குக் கொடுத்தனுப்பிய புளி அதுதான். பஸ் வர நேரமிருந்தது. மன்னித்துவிடு என்று கேட்கத் தோன்றவில்லை, கேட்டால் அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும், அது அவளுக்கு இன்னொரு வேலை. அதனால் வேறொன்று கேட்டேன். அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் அதற்காக யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷமும் பதிலைக் கையில் வைத்திருந்தவள்போலச் சொன்னாள்.

"'எனக்குத் தெரியல'ன்னு சொல்லியிருக்கலாம்க்கா. மறுநா மத்தியானமே சார் வந்துட்டாருன்றீங்க. நாங்க அந்தப் படியிலயே ஒக்காந்து இருந்திருப்போமே."

கண்ணு, நீ என்னைவிட ஆயிரம் மடங்கு படித்தவன். உன் மெஷினில் வரி மேலே ஓடிப்போனால் பின்னால் இழுத்துப் பார்க்கத் தெரியும். ஆனால் உன் பக்கத்தைத் திறக்கப் போகிறவர்கள் யாருடைய போனையோ இரவல் வாங்கி, யாரையோ தட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். தட்டுகிறவன் என்னைப்போல ஒருத்தனாக இருப்பான், பாதி தெரிந்தவன், கண் வேறெங்கோ இருப்பவன். உன் திரையில் 'பெயர் இல்லை' என்று எழுதியிருந்தால் அவன் அதையே சத்தமாகப் படிப்பான். கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்குப் போனதும், மனு எழுதிக் கொடுத்தவளைப் பார்த்து நீ கொடுத்தாயா என்று கேட்பார்கள்.

ஆகையால் நான் சொன்ன வரியை அழித்துவிடு. பதிலுக்கு இதைப் போடு: 'எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்சம் இருங்கள், பார்க்கிறோம்.' பக்கத்தில் இடம் போதாது, நீளமாக இருக்கிறது என்று உன் ஆட்கள் சொல்வார்கள். சொல்லட்டும், நீ விட்டுக்கொடுக்காதே. போட்டபிறகு யாராவது ஒருவர் மெய்யாகவே உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். அதற்கு ஆளில்லை என்றால் அந்தப் பெயர்களை எனக்கு அனுப்பு. ரிட்டயர் ஆகிச் சும்மாதான் இருக்கிறேன். மேலிருந்து படிப்பேன்.

அம்மா